கெட்ட வார்த்தைக்கு வலு எங்கிருந்து வருகிறது?

கோலாலம்பூரில் தமிழர்கள் கூடும் இடங்களில், அது தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டமானாலும் திருமண மண்டபத்துப் பந்தியானாலும், பிள்ளைகள் பேசும் கெட்ட வார்த்தைகளைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. சொல்வளம் இல்லாதவன்தான் அப்படிப் பேசுவான் என்று ஒருவர் சொல்வார். அது ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த பழக்கம் என்பார் இன்னொருவர். கைபேசி வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். இந்த மூன்று தீர்ப்புகளும் ஆராய்ச்சிக்கும் வரலாற்றுக்கும் முன்னால் நிற்காதவை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இவற்றில் உண்டு. விரலில் சுத்தியல் பட்டவன் கத்துவதும், நண்பன் நண்பனை உரிமையோடு ஏசுவதும், ஒரு பெண்ணைப் பலர் சேர்ந்து இணையத்தில் இழிவுபடுத்துவதும் இத்தகைய பேச்சில் ஒரே குற்றமாகிவிடுகின்றன. அதனால் சிறியதற்குப் பெரிய தண்டனையும் பெரியதற்கு மௌனமும் கிடைக்கின்றன. கெட்ட வார்த்தை என்பது எப்படிச் செயல்படுகிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தச் சொல் கெட்ட சொல்?

ஒரு சமூகம் பொது இடத்தில் சொல்லக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கும் சொல்லைத் தடைச்சொல் என்று அழைப்போம். எதை விலக்க வேண்டும் என்பதை அந்தச் சமூகம் எதைப் போற்றிக் காக்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதே முடிவு செய்கிறது. தமிழில் மிகக் கடுமையான வசைகள் தாயின் ஒழுக்கத்தையும் பிறப்பையும் சுற்றியே இருக்கின்றன. ‘நாசமாய்ப் போ’, ‘கட்டையில் போக’ போன்றவை சாவையும் அழிவையும் அழைக்கும் சாபங்கள். மலாயில் அன்றாடம் காதில் விழும் ‘சியால்’, ‘சிலாக்கா’ ஆகிய இரண்டும் கேட்டையும் துரதிர்ஷ்டத்தையும் குறிக்கின்றன. கோலாலம்பூர்ச் சீனர்களிடையே பரவலாக வழங்கும் கான்டனீஸ் மொழியில், குடும்பமே பூண்டோடு அழிய வேண்டும் என்று சபிப்பது மிகக் கொடிய வசையாகக் கருதப்படுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சு மொழியிலோ தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழையையும் பூசைப் பாத்திரத்தையும் குறிக்கும் சொற்களே வசையாக வழங்குகின்றன. திருச்சபையின் பிடி அங்கு நெடுங்காலம் இறுக்கமாக இருந்ததன் தடம் அது.

சொற்களை இப்படி விலக்கி வைப்பது நேற்று தோன்றிய வழக்கமும் அன்று. தொல்காப்பியத்தின் எச்சவியல் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். பின்னாளில் நன்னூல் இதனை இடக்கரடக்கல் என்று பெயரிட்டது. ‘கால் கழுவி வந்தான்’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த வகையே. தொல்காப்பியத்தின் அடுத்த நூற்பாதான் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நெடுங்காலம் வழங்கி மக்களுக்குப் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்று அது விலக்களிக்கிறது. ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் போன்றவற்றை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுகிறார்கள். குறிக்கும் பொருள் அருவருப்பானதாகவே இருந்தாலும், பழக்கத்தால் சொல் தன் கூர்மையை இழந்துவிடும் என்பதை நம் இலக்கணிகள் அன்றே கண்டிருக்கிறார்கள்.

இதுவரை கண்டது இதுதான்: தடைச்சொல்லைத் தடைச்சொல்லாக்குவது அதன் ஒலியோ பொருளோ மட்டுமன்று, சமூகம் அதன் மீது வைத்திருக்கும் விலக்கு. விலக்கு தளர்ந்தால் சொல்லின் வலுவும் தளர்கிறது.

அபாய மணியைப் போன்றது

அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தீ அபாய மணியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முதல் முறை அது அலறும்போது, எங்கே தீ என்று யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும், கால் எழுந்துவிடும், கை குழந்தையைத் தூக்கிவிடும். ஆனால் பழுதான மணி வாரந்தோறும் அலறும் கட்டடத்தில் யாரும் கதவைக்கூடத் திறப்பதில்லை. அதே கட்டடத்துக்கு விருந்தாளியாக வந்தவர் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு படியிறங்குவார். ஒலி ஒன்றே, அதைக் கேட்ட உடல்களின் பயிற்சி வேறு.

தடைச்சொல்லும் இவ்வாறே செயல்படுகிறது. அது பொருள் புரியும் முன்பே உடலைத் தொடுகிறது. அந்த வலு, இளமையில் பெற்ற பயிற்சியிலிருந்து வருகிறது. ஓயாமல் ஒலித்தால் அந்த வலு தேய்கிறது. இந்த மூன்று இயல்புகளையும் இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேச்சு போன பிறகும் தங்கும் வசை

1861ஆம் ஆண்டு பாரிஸ் அருகிலிருந்த பிசேத்ர் மருத்துவமனையில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் லெபோர்ன் என்னும் நோயாளியை ஆராய்ந்தார். லெபோர்ன் பல ஆண்டுகளாகப் பேசும் ஆற்றலை இழந்திருந்தார். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஓர் அசையையே திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் தாம் சொல்ல வருவது மற்றவர்களுக்குப் புரியாமல் கோபம் தலைக்கேறும்போது, கடவுளின் பெயரை இழுக்கும் ஒரு பிரெஞ்சு வசை அவர் வாயிலிருந்து முழுதாக வெளிவரும். அவர் இறந்த பின் மூளையைப் பார்த்த ப்ரோக்கா, இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்டார். இப்படி மூளைச் சிதைவால் பேச்சாற்றல் குறைவதைப் பேச்சிழப்பு என்கிறோம். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர், மகளின் பெயரைச் சொல்லத் திணறிக்கொண்டே, கோபத்தில் ஒரு வசையைத் தெளிவாகச் சொல்லிவிடுவதைக் கண்டு குடும்பத்தார் வெட்கப்படுவதுண்டு. அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அது அவருடைய பண்பின் வெளிப்பாடன்று. நோய் எதைச் சிதைத்தது, எதை விட்டுவைத்தது என்பதன் வெளிப்பாடு.

இதற்குக் காரணம் பேச்சு முழுவதும் மூளையில் ஒரே வழியில் உருவாகாததே. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கினார். சொற்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, இலக்கணத்தோடு கோத்து, புதிதாக ஒரு வாக்கியத்தை அமைப்பது ஒரு வகை. யோசிக்காமல் முழுதாக வெளிவரும் வணக்கம், பிரார்த்தனை, ஒன்று இரண்டு என்று எண்ணுதல், வசை ஆகியவை இன்னொரு வகை. இதனைத் தன்னியக்கப் பேச்சு என்று சொல்லலாம். முதல் வகைக்கு மூளையின் இடப்பக்கப் புறணி, அதாவது அதன் மேலடுக்கு, இன்றியமையாதது. இரண்டாம் வகையில், பழகிய அசைவுகளை நடத்தும் ஆழ்பகுதிகளுக்கும், அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் பகுதிகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

டூரெட் நோய்க்குறியும் இதே திசையைக் காட்டுகிறது. பிரெஞ்சு மருத்துவர் கில் த லா டூரெட் 1885இல் விவரித்த இந்நோயில் தசைத் துடிப்புகளும் கட்டுக்கடங்கா ஒலிகளும் தோன்றும். சிலருக்கு வசைச்சொற்களும் விருப்பமின்றி வெளிப்படும். டூரெட் உள்ள எல்லாருமே கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அவர்களில் சிறுபான்மையினருக்கே அது நேர்கிறது.

நோயற்றவர்களிடம் இந்தத் தன்னியக்கத்தின் மீது ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தே இயங்குகிறது. பட்டறையில் நாள் முழுவதும் வசையோடு பேசும் இளைஞர், அம்மாவின் அழைப்பு வந்து கைபேசியை எடுத்ததும் ஒரு கெட்ட வார்த்தையும் இன்றிப் பேசி முடிப்பார். கற்றுக்கொண்ட இடமும் கேட்கும் ஆளும் மாறினால் பழக்கமும் மாறுகிறது. ‘வாயில் வந்துவிட்டது’ என்பது விரலில் சுத்தியல் பட்டவனுக்குப் பொருந்தும் விளக்கம்; பத்து நிமிடம் தட்டச்சு செய்து ஒருவரை ஏசியவருக்கு அது பொருந்தாது.

சுருக்கமாகச் சொன்னால், திடீரென வெளிப்படும் வசை, யோசித்து அமைக்கும் பேச்சிலிருந்து வேறான வழியில் பிறக்கிறது. ஆயினும் அது பெரும்பாலும் இடமறிந்து அடங்கும்.

வலியும் வசையும்

பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்சும் அவருடைய குழுவினரும் 2009இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர்கள் பனிக்கட்டி போன்ற குளிர்ந்த நீரில் கையை வைத்துத் தாங்கும் வரை வைத்திருக்க வேண்டும். ஒரு முறை தாங்கள் வழக்கமாகச் சொல்லும் வசையைச் சொல்லிக்கொண்டும், இன்னொரு முறை மேசையை வருணிக்கும் ஒரு சாதாரணச் சொல்லைச் சொல்லிக்கொண்டும் அதைச் செய்தார்கள். வசையைச் சொன்னபோது கை நீரில் கூடுதல் நேரம் தாங்கியது, இதயத் துடிப்பும் உயர்ந்தது. ஆபத்தை எதிர்கொள்ள உடல் தன்னை முடுக்கிக்கொள்ளும் நிலை அது. அந்நிலையில் வலி சற்று மங்குகிறது.

இதன் தொடர்ச்சியாக 2011இல் வெளிவந்த முடிவுதான் நம் பேச்சுக்கு மிகவும் தேவையானது. அன்றாடம் அதிகமாக வசை பேசுபவர்களுக்கு இந்தப் பயன் குறைவாகவே கிடைத்தது. அடிக்கடி அலறும் மணிக்கு யாரும் எழுவதில்லை என்று பார்த்தோமே, அதையே இங்கு சோதனையில் காண்கிறோம். இப்படித் திரும்பத் திரும்ப நிகழ்வதற்கு உடல் பதில் தராமல் போவதை மரத்துப்போதல் என்பார்கள். 2020இல் அதே ஆய்வாளர், வசை போல ஒலிக்கும்படி புதிதாகப் புனைந்த சொற்களைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றால் வலியைத் தாங்கும் ஆற்றல் கூடவில்லை. ஒலி எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், பின்னால் விலக்கின் வரலாறு இல்லாத சொல் உடலைத் தொடுவதில்லை.

பல மொழி நகரில் ஒரு சிக்கல்

அந்த விலக்கு எங்கே பதிகிறது? நம்மில் பெரும்பாலோருக்கு அது ஐந்து வயதுக்கு முன்பே, சமையலறையில் பதிந்துவிட்டது. ‘வாயில் மிளகாயைத் தேய்ப்பேன்’ என்ற மிரட்டலும், அலமாரி மேலிருந்து இறங்கிய ரோத்தான் பிரம்பும், பாட்டியின் முகம் சுருங்கியதும் சேர்ந்து அந்தச் சொற்களை உடலோடு பிணைத்தன. பொருள் தெரியும் முன்பே அச்சம் வந்து சேர்ந்தது. பிள்ளையைக் கடுமையாக அடிப்பதால் அந்தச் சொல் மறப்பதில்லை. அதன் வலு கூடுகிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

பின்னாளில் கற்ற மொழிக்கு இந்தப் பதிவு இல்லை. துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் கேத்தரின் ஹாரிசும் அவருடைய குழுவினரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உணர்ச்சி எழும்போது கையில் மிக நுண்ணிய வியர்வை அரும்பி, தோல் மின்சாரத்தைக் கடத்தும் அளவு மாறும். அதை அளந்தபோது, தடைச்சொற்களும், குறிப்பாகச் சிறுவயதில் பெற்றோர் கண்டிக்கும் தொடர்களும், தாய்மொழியில் கேட்கும்போது கூடுதல் அதிர்வைத் தந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் கேட்டறிந்த ழான் மார்க் டெவேல், 2004இல் இதையொத்த முடிவையே வெளியிட்டார்: முதன்மொழியின் வசையே பெரும்பாலோருக்கு மிகக் கனமாக இருக்கிறது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இதன் விளைவை நாள்தோறும் காணலாம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த இளைஞர் ஒருவர், அம்மா எதிரில் தமிழ் வசை ஒன்றை நினைக்கவும் கூசுவார். அவரே கோலாலம்பூர்ப் பட்டறையில் கேட்ட கான்டனீஸ் வசையையும் பட்டர்வொர்த் சந்தையில் கேட்ட ஹொக்கியன் வசையையும் எளிதாகச் சொல்லிவிடுவார். அவருக்கு அது கனமற்ற ஒலி. அருகில் நிற்கும் சீன மூதாட்டிக்கோ அது தன் தாயைப் பற்றியது. எதிர்ப்பக்கத்திலும் இதுவே நடக்கிறது. ‘டேய்’, ‘மச்சான்’ என்ற நம் விளிகள் மலாய்க்காரர், சீனர் பேச்சிலும் நட்பின் அடையாளமாகக் கலந்துவிட்டன. நண்பர்கள் நடுவே அது இனிக்கிறது. ஆனால் அறுபது வயதுத் தமிழ்ப் பெரியவரை முன்பின் அறியாத ஓர் இளைஞர் ‘டேய்’ என்று அழைத்தால், அழைத்தவர் மனத்தில் அவமதிப்பு துளியும் இல்லாவிட்டாலும், கேட்டவர் உடல் கொதிக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. பல இனம் கூடும் பணியிடங்களில் எழும் பூசல்களில் ஒரு பகுதி இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.

நினைவில் கொள்ள வேண்டியது: வேறு மொழியின் வசை நமக்கு இலேசாகத் தோன்றுவது, அந்தச் சொல் இலேசானது என்பதற்குச் சான்றாகாது. அந்த மொழியில் நாம் குழந்தையாக இருந்ததில்லை என்பதற்கே சான்றாகும்.

சொல்வளமும் தோட்டமும்

கெட்ட வார்த்தை பேசுபவருக்கு வேறு சொல் தெரியாது என்ற எண்ணத்தை அமெரிக்க உளவியலாளர் திமொதி ஜே நெடுங்காலம் ஆராய்ந்தார். கிறிஸ்டின் ஜேயுடன் இணைந்து 2015இல் அவர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட நேரத்துக்குள் அதிகமான தடைச்சொற்களைச் சொல்ல முடிந்தவர்கள் பொதுவான சொற்களையும் அதிகமாகச் சொல்ல முடிந்தவர்களாகவே இருந்தார்கள். அன்றாடப் பேச்சில் தடைச்சொற்களின் பங்கு சராசரியாகச் சுமார் 0.5 விழுக்காடு என்றும் அவர் மதிப்பிட்டிருக்கிறார். அது ஆங்கிலத்துக்கான மதிப்பீடு. தமிழுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

தோட்டத்தைப் பற்றிய தீர்ப்பு எனக்கு இன்னும் வருத்தம் தருவது. ‘தோட்டத்துப் பேச்சு’ என்று நகரத்துத் தமிழர் முகம் சுளிக்கும்போது, ரப்பர்த் தோட்டங்களில் ஏச்சு எந்தத் திசையில் பாய்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். தோட்ட நிர்வாகியான துரையிடமிருந்து எழுத்தரான கிராணிக்கும் மேற்பார்வையாளரான கங்காணிக்கும், அவர்களிடமிருந்து பால்வெட்டும் தொழிலாளிக்கும் அது இறங்கி வந்தது. தொழிலாளி திருப்பிச் சொல்ல முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் கூடாது என்பதும், தங்கள் பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும் என்பதும் கூலி உயர்வோடு சேர்ந்த கோரிக்கைகளாக இருந்தன. மரியாதைக்காகவும் போராடிய மக்களின் பேரப்பிள்ளைகளை, மரியாதை அறியாத வழிவந்தவர்கள் என்று சொல்வது நியாயமன்று.

யாரை நோக்கி?

ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது என்பதை இப்போது பார்க்கலாம். முதலாவது வெளிப்பாடு: யாரையும் நோக்காமல் வலியிலும் திகைப்பிலும் வெளிவருவது. இரண்டாவது உறவுக் குறி. நியூசிலாந்தின் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வு, ஒரே குழுவாக வேலை செய்பவர்கள் தங்களுக்குள் வசையை நெருக்கத்தின் அடையாளமாகப் பயன்படுத்துவதைப் பதிவு செய்தது. நம் பூப்பந்துக் களங்களிலும் மாமாக் கடைகளிலும் இதைக் கேட்கலாம். ஒருவர் சொல்ல, மற்றவர் அதே தரத்தில் திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் இது உறவுக் குறி. மேலாளர் சொல்லி ஊழியர் சிரிக்க மட்டும் வேண்டியிருந்தால் அது மூன்றாம் வகையைச் சேரும்.

அந்த மூன்றாவது வகை தாக்குதல். இதில் மிகக் கொடியது இழிபெயர்: ஒருவரை அவருடைய இனம், சாதி, உடல் ஆகியவற்றால் தாழ்த்தும் சொல். மலாயில் ‘கிளிங்’ என்பது ஒரு காலத்தில் தென்னிந்தியர்களைக் குறித்த பொதுப்பெயர்; ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் அது இன்றும் நிற்கிறது. அதே சொல் இன்று ஒருவர் முகத்தில் வீசப்பட்டால் இழிபெயர். நாம் வீசுபவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழில் ஒரு சாதியின் பெயராக வழங்கிய சொல் ஆங்கிலத்தில் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகெங்கும் சென்று, மலேசியாவில் எல்லா இனத்தவரும் ஏசும் சொல்லாகிவிட்டது. தமிழ் இளைஞர்களே அதை விளையாட்டாகச் சொல்வதைக் கேட்கிறேன். அதில் விளையாட்டு ஏதுமில்லை; மனிதர்களைச் சேரிக்கு ஒதுக்கிய வரலாறு அதற்குள் இருக்கிறது. எந்த ஆபாசச் சொல்லையும்விட இதையே முதலில் கைவிட வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

தாக்குதல் வகையை நம் சட்டமும் அண்மையில்தான் தனியாகப் பார்க்கத் தொடங்கியது. 2024 ஜூலையில், டிக்டாக்கில் தொடர்ந்து வசைபாடப்பட்டு வந்த ஓர் இளம் தமிழ்ப் பெண் கோலாலம்பூரில் உயிரிழந்தார். அவரை இழிவாகப் பேசியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் விதித்தது 100 ரிங்கிட் அபராதம். அந்தப் பிரிவில் அதுவே உச்ச அளவு. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் 507பி பிரிவு, ஒருவருக்குத் தொல்லையோ மனவேதனையோ அச்சமோ ஏற்படுத்தும் நோக்கத்துடன் மிரட்டும், ஏசும், அவமதிக்கும் சொற்களைப் பயன்படுத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. எந்தெந்தச் சொற்கள் கெட்டவை என்ற பட்டியல் எதுவும் அதில் இல்லை. நீதிமன்றம் கேட்பது, சொன்னவர் என்ன நோக்கத்தோடு சொன்னார் என்பதையும் கேட்டவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும்தான்.